120 தவணைகளும் ஒரு தலைப்புச் செய்தியும்

2022 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் டீச்சர், தடித்த ஃபைல் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி வந்து கதவைத் தட்டினார். அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் புறநகரில் ஓர் அரசுப் பள்ளியில் சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பவர். எனக்குக் கணக்குப் பார்க்கும் வேலை. வரி சம்பந்தமாக ஏதாவது சந்தேகம் என்றால் தெருவில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். அவரும் அதற்குத்தான் வந்திருந்தார்.

ஃபைலைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். உள்ளே வருடத்துக்கு ஒரு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் பள்ளி முதல்வர் கையெழுத்துப் போட்ட ஒரு படிவம், ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுகள். ரசீதுகளின் ஓரத்தில் மஞ்சள் மார்க்கரால் 37, 38, 39 என்று எண்கள். கட்டி முடித்த கல்விக் கடன் தவணைகளின் எண்ணிக்கை அது. எல்லாவற்றுக்கும் மேலே, புதிதாக வந்த ஒற்றைப் பக்கக் கடிதம். பாக்கி 0 என்று போட்டிருந்தது. மிச்சம் இருந்த 41,000 டாலர் சொச்சமும் ரத்து.

"இதற்கு வருமான வரி கட்ட வேண்டுமா?" என்று கேட்டார்.

இந்தத் திட்டத்தில் ரத்தாகும் தொகைக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போனது. கிளம்பும்போது வாசலில் நின்று, "தெருவில் யாருக்கும் இதைச் சொல்ல வேண்டாம்" என்றார்.

பதின்மூன்று வருடமாகச் சுமந்த கடன் தீர்ந்த நாளில் ஒருவர் ஏன் காதும் காதும் வைத்தாற்போல் இருக்க விரும்ப வேண்டும்? அன்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த இரண்டு வருடம் அமெரிக்கச் செய்திகளைப் பார்த்த பிறகு விளங்கியது. அவருடைய அனுமதியோடு, ஆள் தெரியாதபடி இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடனின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். செய்திகளில் எப்போதும் விடுபடுவது இதுதான். முதுகலைப் படிப்புக்கு அவர் வாங்கியது 40,000 டாலர். அந்த வருடங்களில் வட்டி 6.8 சதவீதம். ஆண்டுக்கு 2,720 டாலர், மாதத்துக்கு 227 டாலர் வட்டி மட்டும். 2009இல் வேலைக்குச் சேர்ந்தபோது, அவருடைய ஆசிரியர் சம்பளத்துக்கு ஏற்ப அரசு விதித்த மாதத் தவணை 180 டாலர். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினார். ஆனாலும் மாதம் 47 டாலர் கடன் கூடிக்கொண்டே போனது. சம்பளம் உயர உயரத் தவணையும் உயர்ந்தது, அதற்குள் வட்டி குட்டி போட்டிருந்தது. பத்தரை வருடத்தில் 27,000 டாலருக்கு மேல் கட்டினார். பாக்கி, வாங்கியதைவிட அதிகமாகவே நின்றது.

இதை நன்றாகத் தெரிந்துதான் 2007இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, தீயணைப்புத் துறை, லாப நோக்கமற்ற நிறுவனம் போன்ற இடங்களில் வேலை பார்த்தபடி 120 மாதத் தவணை கட்டினால் மீதியை அரசு ரத்து செய்யும். கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். பி.எஸ்.எல்.எஃப். (பப்ளிக் சர்வீஸ் லோன் ஃபர்கிவ்னெஸ்) என்று எல்லோரும் சொல்லும் திட்டம் இது. ஆனால் உயர்கல்விச் சட்டத்தில் இது சேர்ந்த உட்பிரிவின் தலைப்பு 'பொதுப்பணி ஊழியர்களுக்கான திருப்பிச் செலுத்தும் திட்டம்'. உள்ளே இருக்கும் வினைச்சொல் 'ரத்து செய்ய வேண்டும்' என்பது. ஆனால் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது, மன்னிப்பு என்ற பொருள்படும் 'ஃபர்கிவ்னெஸ்'தான்.

2017இல் முதல் ஆட்கள் பத்து வருடத்தை முடித்து விண்ணப்பித்தார்கள். ஆரம்பத்தில் 100க்கு 99 விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. டீச்சருடையதும் 2019இல் நிராகரிக்கப்பட்டது. காரணம், அவர் வாங்கியது தனியார் வழியாக வந்த, அரசு உத்தரவாதம் தந்த பழைய வகைக் கடன். நேரடி அரசுக் கடனுக்குத்தான் திட்டம் பொருந்துமாம். பத்து வருடமாகத் தவணை வசூலித்த நிறுவனம் இதை ஒரு வரிகூட எழுதிச் சொல்லவில்லை. கடனை நேரடிக் கடனாக மாற்றினார், எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்கியது. மஞ்சள் எண்கள் எல்லாம் வீண் என்று நினைத்திருந்தவருக்கு, 2021 அக்டோபரில் பைடன் அரசு கொண்டுவந்த தற்காலிக விதித்தளர்வு பழைய தவணைகளைத் திருப்பிக் கொடுத்தது. அதன் விளைவுதான் அந்த ஒற்றைப் பக்கக் கடிதம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் இங்கே படிக்க வந்தது, அப்பா வீட்டுப் பத்திரத்தை ஊரில் ஒரு வங்கியில் வைத்து வாங்கிய கல்விக் கடனில். முதல் மூன்று வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதை அடைத்தேன். பத்திரம் திரும்பி வந்த அன்று அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தார். அப்படி வந்தவனுக்குக் கடன் ரத்து என்றாலே முகம் சுளிக்கும். 2022 ஆகஸ்ட் 24 அன்று பைடன் பெரிய திட்டத்தை அறிவித்தபோது எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் வந்த முதல் செய்தி, "நாம கட்டினோம்ல? அவங்க கட்டினா என்ன?" அதற்குக் கட்டைவிரலை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். டீச்சரின் ஃபைலைக் கண்ணால் பார்த்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் என் மனதில் அந்த இரண்டும் ஒட்டவில்லை. செய்தி காட்டிய 'கடன்காரர்' என்ற உருவத்தில் டீச்சர் இல்லவே இல்லை.

அறிவிப்பு இதுதான். ஆண்டு வருமானம் 1,25,000 டாலருக்குக் குறைவாக உள்ள தனிநபருக்கு 10,000 டாலர் வரை ரத்து. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை வாங்கிப் படித்தவர்களுக்கு 20,000 வரை. மொத்தம் 4 கோடிப் பேருக்கு மேல் பலன் உண்டு என்றார்கள்.

அன்று இரவு சேனல் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் 'கைச்செலவுக்குத் தூக்கிக் கொடுப்பது' என்ற தொனியில் 'ஹேண்ட்அவுட்', மூழ்குகிறவரை அரசுப் பணத்தில் தூக்கிவிடுவது என்ற தொனியில் 'பெய்லவுட்'. இன்னொரு பக்கம் 'நிவாரணம்', 'விடுதலை'. வாக்குவாதம் தொடங்கும் முன்பே பெயர்ச்சொல்லில் தீர்ப்பு வந்துவிடுகிறது. நடுநிலை என்று நினைத்து எல்லோரும் பயன்படுத்திய 'ஃபர்கிவ்னெஸ்'கூட அப்படித்தான். மன்னிக்க வேண்டுமானால் முதலில் ஒரு குற்றம் வேண்டும். அதனால்தான் கடன் வாங்கியவர்களின் இயக்கங்கள் அந்தச் சொல்லை மறுத்து, 'ரத்து' என்று சொல்லுங்கள் என்று வருடக்கணக்கில் கேட்டு வருகின்றன.

நம் மொழியிலும் இதே சிக்கல் உண்டு. தமிழ்ச் செய்திகளில் இதைக் 'கடன் தள்ளுபடி' என்று எழுதினார்கள். அது நமக்குப் பழகிய சொல். 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி கூட்டுறவு வங்கிகளில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்ததாக அறிவித்தபோதும் அதே சொல்தான். ஆனால் அதே தள்ளுபடியைத்தான் ஆடி மாதத்தில் ஜவுளிக்கடை வாசலிலும் தொங்கவிடுகிறார்கள். கேட்பவர் காதில் 'சலுகை விலை' என்ற வாடை அடிக்காமல் இருக்காது. பெரிய நிறுவனங்கள் கட்டாத கடனுக்கு மட்டும் 'வாராக்கடன்' என்று தனிப் பெயர். அங்கே கட்டாத ஆளே வாக்கியத்தில் காணாமல் போகிறார், கடன் தானாக வராமல் போய்விட்டது போல.

எண்களுக்கும் இதே கதிதான். திட்டத்தின் செலவு சுமார் 40,000 கோடி டாலர் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் சொன்னது. கல்வித்துறை தன் கணக்கில், பத்து வருடத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 3,000 கோடி டாலர் என்றது. எதிர்ப்பவர்கள் திரையில் முதல் எண் மட்டும் பெரிய எழுத்தில் நின்றது. ஆதரிப்பவர்கள் திரையில் ஆளுக்கு 20,000 டாலர் என்பது நின்றது, மொத்தச் செலவு கடைசி நிமிடத்தில் ஓடி மறைந்தது. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு எண்ணை அதன் துணை இல்லாமல் தனியே நிறுத்தினாலே போதும், பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

கருத்துக்கணிப்பைக்கூட விருப்பம்போல் வெட்டி ஒட்டலாம். 2022இல் கேட்டோ என்ற ஆய்வு நிறுவனம் எடுத்த கணிப்பில் 10,000 டாலர் ரத்துக்கு 64 சதவீதம் பேர் ஆதரவு. அதே கணிப்பில், 'உங்கள் வரி கூடும் என்றால்?' என்று கேட்டதும் 64 சதவீதம் பேர் எதிர்ப்பு. எந்தப் பாதியை எடுப்பது என்பது ஆசிரியர் குழுவின் கையில் இருக்கிறது.

அப்புறம் முகங்கள். செனட்டர் டெட் க்ரூஸ் தன் பாட்காஸ்டில், ஏழு வருடம் உருப்படாத பாடம் படித்துவிட்டுக் காபிக் கடையில் நிற்கும் சோம்பேறி என்று ஓர் ஆளைக் கற்பனை செய்து காட்டினார். செனட்டர் மிட்ச் மெக்கானல், கல்லூரிக்காகச் சேமித்த குடும்பங்களின் கன்னத்தில் விழுந்த அறை என்றார். அறிக்கை விடுவது அரசியல்வாதியின் வேலை. ஆனால் அந்தக் காபிக்கடை இளைஞனைச் செய்தியாளர்கள் வாரக்கணக்கில் சுமந்துகொண்டு திரிந்தார்கள். படிப்பை முடிக்காமல் கடனோடு நின்றவர்கள், பிள்ளைக்காகக் கடன் வாங்கி ஓய்வுக்காலத்தில் கட்டும் பெற்றோர்கள், எங்கள் டீச்சர் போன்றவர்கள் அந்தச் சட்டகத்தில் நுழையவே இல்லை.

எதிர்த்தவர்கள் எல்லோரும் வலதுசாரிகள் என்று நினைப்பதும் தவறு. வாஷிங்டன் போஸ்ட் தலையங்கம் அந்தத் திட்டத்தைச் செலவு மிகுந்த, வசதியானவர்களுக்கே சாதகமான தவறு என்று எழுதியது. ஒபாமாவின் பொருளாதார ஆலோசகராக இருந்த ஜேசன் ஃபர்மன் விலைவாசித் தீயில் எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்றார். பட்டம் படிக்காத ஒரு பிளம்பர் ஏன் பட்டதாரியின் கடனுக்கு வரி கட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமான கேள்வி. எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பிளம்பர் இருக்கிறார், மூன்று பிள்ளைகள். அவருக்கு யாராவது மதித்துப் பதில் சொன்னார்களா? ஆதரவுச் சேனல்கள் அவருடைய கேள்வியைப் பொறாமை என்று தள்ளிவிட்டன. அதே 2022இல் என்.பி.ஆர். வானொலியும் இப்ஸோஸ் ஆய்வு நிறுவனமும் எடுத்த கணிப்பில் 82 சதவீதம் பேர், கல்லூரிச் செலவைக் குறைப்பதே முதல் வேலை என்றார்கள். அந்தப் பதில் எந்தக் கட்சிக்கும் தோதாக இல்லை. அதனால் சண்டையில் அது சீக்கிரமே காணாமல் போனது.

அறிவிப்புக்கு மறுநாள் வெள்ளை மாளிகையின் ட்விட்டர் கணக்கு ஒரு வேலை செய்தது. கோவிட் காலத்தில் சிறு தொழில்களுக்குக் கொடுத்த பி.பி.பி. கடன் ரத்தான குடியரசுக் கட்சி உறுப்பினர்களின் பெயரையும் தொகையையும் வரிசையாகப் போட்டது. மாணவர் கடன் ரத்தை அநியாயம் என்று சொன்ன மார்ஜரி டெய்லர் கிரீனுக்கு 1,83,504 டாலர் ரத்தாகியிருந்தது. இடதுசாரிப் பக்கம் ஒரே கொண்டாட்டம். வலதுசாரிப் பக்கம் இருந்து வந்த பதில்: பி.பி.பி. கடன் தொடக்கத்திலேயே, நிபந்தனையை நிறைவேற்றினால் ரத்து என்று சட்டத்தில் எழுதித் தந்தது, இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

அந்தப் பதில் சரி. 10,000 டாலர் திட்டத்தோடு பி.பி.பி.யை ஒப்பிட முடியாதுதான். ஆனால் அதே வாதம் டீச்சரின் கடனுக்கு அப்படியே பொருந்துகிறதே! 2007 சட்டமும் தொடக்கத்திலேயே, நிபந்தனையை நிறைவேற்றினால் ரத்து என்றுதான் எழுதித் தந்தது. அவர் 120 தவணையும் கட்டி நிறைவேற்றினார். தொழிலதிபர்களுக்காக அந்த வாதத்தை எடுத்தவர்கள் ஆசிரியர்களுக்காக எடுக்கவில்லை. பி.எஸ்.எல்.எஃப்.பையும் பைடனின் புதுத் திட்டத்தையும் ஒரே சாக்கில் கட்டி, 'பெய்லவுட்' என்று சீட்டு ஒட்டினார்கள்.

இதில் எனக்கு அதிக வருத்தம் தந்தது மறுபக்கம்தான். இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல ஆதரவு ஊடகங்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர்களும் சொல்லவில்லை.

2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் பைடனின் திட்டத்தை ரத்து செய்தது. அந்த வழக்கும் சொல்லைப் பற்றியதுதான். அவசரநிலையில் கடன் விதிகளை 'தளர்த்தவோ மாற்றவோ' கல்வி அமைச்சருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தருகிறது. மாற்றுவது என்றால் சிறு திருத்தம், இத்தனை பெரிய திட்டம் அதில் அடங்காது என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். நீதிபதி எலினா கேகன் கடுமையாக மறுத்து எழுதினார். வழக்கு நிற்பதற்கே ஆதாரமாக இருந்தது, எங்கள் வீட்டில் இருந்து போகும் தூரத்தில் செஸ்டர்ஃபீல்டில் இருக்கும் மொஹீலா என்ற கடன் நிர்வாக நிறுவனம். திட்டம் வந்தால் அதற்கு ஆண்டுக்கு 4.4 கோடி டாலர் கட்டணம் குறையும், அது எங்கள் மாநிலத்துக்கு நஷ்டம் என்றது மிசௌரி. மொஹீலா தானாக வழக்குப் போடவில்லை. இந்த விசித்திரத்தை விரிவாகச் சொன்ன தொலைக்காட்சிச் செய்தி ஒன்றையும் நான் பார்க்கவில்லை. 'கனவைப் பறித்த நீதிமன்றம்', 'அதிகார மீறலைத் தடுத்த நீதிமன்றம்' என்று இரண்டே வார்ப்பில் அன்றைய இரவு முடிந்தது.

பெரிய திட்டம் செத்துப்போன பிறகு, ஏற்கனவே சட்டத்தில் இருந்த திட்டங்களின் வழியாகக் கடன்கள் ரத்தாகிக்கொண்டே இருந்தன. 2024 மே மாதம் 1,60,000 பேருக்கு 770 கோடி டாலர் ரத்து என்று அறிவித்தார்கள். அதில் 520 கோடி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, பி.எஸ்.எல்.எஃப். கணக்கு. பத்து வருடம் தவணை கட்டி முடித்தவர்கள். செய்தியில் வந்தது, பைடன் இன்னும் 770 கோடியை மன்னித்தார் என்று. ஒரு சாராருக்கு அது நீதிமன்றத்தை மீறிய அராஜகம், இன்னொரு சாராருக்கு அதிபரின் சாதனை. நீதிமன்றம் தடுத்தது, ஆனால் அது என்னை நிறுத்தவில்லை என்று பைடனே அந்த ஆண்டு பிப்ரவரியில் மேடையில் பேசியிருந்தார். சாதனைப் பட்டியல் நீளமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, பழைய வாக்குறுதியைக் காப்பாற்றியதைப் புதிய பரிசு போலக் காட்டினார்கள். எதிரிகள் அந்தப் பரிசையே லஞ்சம் என்றார்கள். நடுவில், 120 தவணை கட்டிய டீச்சர் பரிசு வாங்கியவராகவும் லஞ்சம் வாங்கியவராகவும் ஆனார். கட்டியவர் என்ற இடம் மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அந்த வாரம்தான் அவர் வாசலில் நின்று சொன்னது எனக்கு விளங்கியது. பள்ளியில் ஆசிரியர் அறையில் தொலைக்காட்சி ஓடும்போது ஒருவர், "நம் வரிப்பணம்" என்று தலையில் அடித்துக்கொண்டாராம். அவரும் இதே திட்டத்தில் தவணை எண்ணிக்கொண்டிருப்பவர்தான் என்று டீச்சருக்குத் தெரியும். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்குச் சாய்வுள்ள செய்தி புதிதல்ல. கலைஞர் டிவி, ஜெயா டிவி என்று பெயரிலேயே இருக்கும். வீட்டில் தாத்தா ஒரே செய்தியை இரண்டிலும் பார்த்துவிட்டு, "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துக்கோ" என்பார். இங்கே அப்படிக் கூட்டி வகுத்தாலும் விடை வராது என்பதுதான் நான் கண்டது. இரண்டு பக்கமும் சேர்ந்தே விட்டுவிட்ட பொருள் அந்தக் கணக்கில் எப்படி வரும்? 6.8 சதவீத வட்டி எந்தப் பக்கத்திலும் இல்லை. மாணவர் கடனைத் திவால் மனுவில்கூட எளிதில் கழித்துக்கட்ட முடியாதபடி சட்டங்கள் படிப்படியாக இறுகிய கதையும் இல்லை. தனியார் மாணவர் கடனுக்கும் அந்தப் பூட்டைப் போட்ட 2005 சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்த செனட்டர்களில் ஜோ பைடனும் ஒருவர். அதைச் சொன்னால் ஒரு சாராருக்கு நாயகன் கெடுவான், இன்னொரு சாராருக்குத் தங்கள் கட்சியே கொண்டுவந்த சட்டம் நினைவுக்கு வரும்.

2025இல் காற்று வேறு பக்கம் திரும்பியது. மே மாதம், தவணை தவறியவர்களிடம் கட்டாய வசூல் மறுபடி தொடங்கியது. ஜூலையில் கையெழுத்தான புதுச் சட்டம் திருப்பிச் செலுத்தும் முறைகளையே மாற்றுகிறது. தலைப்புச் செய்திகள் குறைந்தன. ரத்து செய்யும்போது இருந்த கேமராக்கள் வசூலிக்கும்போது அந்த அளவுக்கு வரவில்லை.

அந்த ஆகஸ்டில் என் மகள் கல்லூரிக்குப் போனாள். இங்கே பிறந்தவள், அதனால் அரசுக் கடனுக்குத் தகுதி உண்டு. முதல் வருடத்துக்கு உச்சவரம்பு 5,500 டாலர், அதை வாங்கினோம். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை டீச்சர் வந்தார். பிளம்பர் தன் வீட்டு வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் எங்கள் முற்றத்தில் நின்று, மகளிடம் தன் கடன் கதையை முதலில் இருந்து சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. புல்வெட்டும் இயந்திரம் நின்றது. பிளம்பர் கைகளைத் துடைத்தபடி வந்து கேட்டுக்கொண்டு நின்றார். "27,000 கட்டியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

பிறகு டீச்சர் மகள் கையில் ஒரு ஃபைலைக் கொடுத்தார். புதிது, மடிப்பு மடிப்பாக, காலியாக. முதல் மடிப்பின் மேல் மட்டும் மஞ்சள் மார்க்கரால் எழுதியிருந்தார்: 'இது எந்த வகைக் கடன்?'